கிருமியின் சவ்வும் உடலின் படைக்கலமும்

சென்னையிலிருந்து தாம்பரம் நோக்கிச் செல்லும் மின்சார ரயிலில் ஏறியவர்கள், குரோம்பேட்டையைக் கடந்ததும் 'தாம்பரம் சானடோரியம்' என்ற பெயர்ப் பலகையைக் காண்பார்கள். செம்பாக்கம், சிட்லபாக்கம் முதலிய ஊர்களிலிருந்து பள்ளிக்கும் கல்லூரிக்கும் செல்லும் மாணவர் பலர் நாள்தோறும் படிக்கும் பெயர் அது. எனினும், அந்தப் பெயர் எப்படி வந்தது என்று கேட்டால் பலர் விடை கூறத் தயங்குவர். காசநோய் கண்டவர்கள் நெடுங்காலம் தங்கி, நல்ல காற்றும் வெயிலும் ஓய்வும் சத்துள்ள உணவும் பெற்று உடல் தேறுவதற்கென அமைக்கப்பட்ட நிலையமே சானடோரியம் எனப்படும். பச்சைமலை அடிவாரத்தில் அப்படி ஒரு நிலையத்தை 1928ஆம் ஆண்டில் நிறுவியவர் டாக்டர் டேவிட் சௌரி முத்து என்னும் மருத்துவர். அதற்கு முன் அவர் இங்கிலாந்தில் மெண்டிப் குன்றுகளில் ஒரு சானடோரியத்தை நடத்தி வந்தார். கணித மேதை இராமானுஜன், தம் நோய் காசநோய் என்று கருதப்பட்ட நாளில், 1917ஆம் ஆண்டில் சில காலம் தங்கிச் சிகிச்சை பெற்றது அங்கேதான். தாம்பரம் நிலையத்தை 1937ஆம் ஆண்டில் அரசாங்கம் ஏற்றுக்கொண்டது. இன்று அது அரசு நெஞ்சக நோய் மருத்துவமனையாக விளங்குகிறது.

சௌரி முத்துவின் காலத்தில் காசநோய்க் கிருமியைக் கொல்லும் மருந்து ஒன்றும் இல்லை. ஸ்ட்ரெப்டோமைசின் 1943ஆம் ஆண்டில்தான் கண்டுபிடிக்கப்பட்டது. ஆதலின் மருத்துவர்கள் காற்றையும் வெயிலையும் நம்பினார்கள். 19ஆம் நூற்றாண்டில் மேனாட்டு மருத்துவர்கள் காசநோயாளிகளுக்கு மீன் ஈரல் எண்ணெய் கொடுத்தார்கள். டென்மார்க் நாட்டு மருத்துவர் ஃபின்சன், தோலைப் பற்றும் காசநோய்க்கு ஒளியைக் கொண்டு சிகிச்சை செய்து, 1903ஆம் ஆண்டில் நோபல் பரிசும் பெற்றார். சானடோரியங்களில் சிலர் தேறினார்கள், பலர் தேறவில்லை. தேறியவர்கள் எதனால் தேறினார்கள் என்பதை யாராலும் திட்டமாகக் கூற முடியவில்லை. வெயிலுக்கும் நுரையீரலுக்குள் ஒளிந்திருக்கும் ஒரு கிருமிக்கும் என்ன தொடர்பு இருக்க முடியும்?

அந்தக் கேள்விக்கு 2006ஆம் ஆண்டில் ஒரு விடை கிடைத்தது. அது முழு விடை அன்று. எனினும் அதைப் புரிந்துகொள்ள முயன்றால், நம் உடல் தானே வார்த்துக்கொள்ளும் ஒரு படைக்கலத்தைப் பற்றியும், ஒரு விளக்கத்தை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதைப் பற்றியும் நாம் கற்றுக்கொள்ளலாம். இன்றைய பேச்சின் பொருள் அதுவே.

முதலில் கிருமியைப் பார்ப்போம். பாக்டீரியா என்பது ஒரே ஓர் உயிரணுவால் ஆன உயிர். குடலில் வாழும் சாதாரணமான பாக்டீரியா ஒன்றின் நீளம் ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ 500இல் ஒரு பங்கு. இவ்வளவு சிறிய உயிருக்கும் உள், வெளி என்ற வேறுபாடு உண்டு. அந்த வேறுபாட்டைக் காத்து நிற்பது ஒரு மெல்லிய சவ்வு. கொழுப்புப் பொருளின் மூலக்கூறுகள் இரண்டு வரிசையாக, ஒன்றோடொன்று வாலைச் சேர்த்து நிற்பதால் ஆனது அந்தச் சவ்வு. மூலக்கூறு ஒவ்வொன்றுக்கும் நீரை விரும்பும் தலை ஒன்று உண்டு. நீரை வெறுத்து எண்ணெயை நாடும் வாலும் உண்டு. தலைகள் இரு புறமும் நீரைப் பார்த்து நிற்க, வால்கள் நடுவே மறைந்து நிற்கும். இந்தச் சவ்வின் கனம் ஒரு மில்லிமீட்டரில் சுமார் 2,00,000இல் ஒரு பங்குதான்.

இதை வெறும் தோல் என்று எண்ணிவிடலாகாது. ஏரிக்கு அதன் கரை எப்படியோ, அப்படியே பாக்டீரியாவுக்கு அதன் சவ்வு. செம்பாக்கத்திலும் சேலையூரிலும் உள்ள ஏரிகளை எண்ணிப் பாருங்கள். கரையின் ஒரு பக்கம் நீர் உயர்ந்து நிற்கிறது. மறு பக்கம் தரை தாழ்ந்து கிடக்கிறது. அந்த ஏற்றத் தாழ்வு இருப்பதனால்தான் மதகைத் திறந்தவுடன் நீர் பாய்ந்து பயிரை வளர்த்தது. பாக்டீரியாவும் தன் சவ்வின் உட்புறத்தில் பொட்டாசியத்தை நிறையத் தேக்கி வைக்கிறது. ஹைட்ரஜன் அயனிகளை வெளியே இறைத்து, அவை மீண்டும் உள்ளே பாயும் வேகத்தில் தனக்கு வேண்டிய ஆற்றலை உண்டாக்கிக்கொள்கிறது. இதனால் சவ்வின் உட்புறம் எதிர் மின்னேற்றமும் வெளிப்புறம் நேர் மின்னேற்றமும் கொண்டு, ஒரு சிறு மின்கலம் போல் விளங்குகிறது. கரை உடைந்தால் ஏரி இல்லை. சவ்வு உடைந்தால் பாக்டீரியா இல்லை.

இனி, உடைக்கும் கருவியைப் பார்ப்போம். அதற்குப் பெப்டைடு என்று பெயர். புரதங்கள் எல்லாம் அமினோ அமிலங்கள் என்னும் மணிகளைக் கோத்த மாலைகள் என்பதை நீங்கள் பள்ளியிலேயே படித்திருப்பீர்கள். 20 வகை மணிகள் உண்டு. பெரிய புரதம் ஒன்றில் நூற்றுக்கணக்கான மணிகள் இருக்கும். அவ்வாறின்றி, பத்து முதல் ஐம்பது வரையிலான மணிகள் கொண்ட சிறிய மாலையைப் பெப்டைடு என்கிறோம். கிருமிகளைக் கொல்லும் பெப்டைடுகள் பலவற்றில் இரண்டு வகை மணிகள் மிகுதியாகக் காணப்படுகின்றன. லைசின், ஆர்ஜினின் என்பவை ஒரு வகை. இவை நேர் மின்னேற்றம் உடையவை. லூசின் போன்றவை மற்றொரு வகை. இவை நீரை வெறுத்துக் கொழுப்பை நாடுபவை.

இந்த மாலை நேராக நிற்பதில்லை. சவ்வை அடைந்ததும் திருகாணி போலச் சுருண்டுகொள்கிறது. லைனஸ் பாலிங்கும் அவருடைய தோழர்களும் 1951ஆம் ஆண்டில் விளக்கிய ஆல்ஃபா சுருள் இதுவே. ஒரு சுற்றுக்கு 3.6 மணிகள் என்பது அதன் கணக்கு. பெப்டைடு சங்கிலி எந்தெந்தக் கோணங்களில் மடங்கலாம், எவற்றில் மடங்கலாகாது என்பதை வரைபடமாக 1963ஆம் ஆண்டில் வகுத்துக் கொடுத்தவர்கள் ஜி. என். இராமச்சந்திரனும், அவருடன் பணியாற்றிய இராமகிருஷ்ணனும் சசிசேகரனும் ஆவார்கள். சென்னைப் பல்கலைக்கழகத்தில் பிறந்த அந்த வரைபடம் இன்று உலகெங்கும் இராமச்சந்திரன் வரைபடம் என்றே வழங்குகிறது. புரதங்களைப் பற்றிப் படிக்கும் மாணவர் எவரும் அதைக் காணாமல் மேலே செல்ல முடியாது.

சுற்றுக்கு 3.6 மணிகள் என்றால், மாலையில் மூன்று நான்கு மணிகளுக்கு ஒரு முறை லைசினோ ஆர்ஜினினோ வந்தால் என்ன ஆகும்? சுருண்ட பிறகு அவை எல்லாம் ஒரே பக்கத்தில் வரிசையாக அமைந்துவிடும். கொழுப்பை நாடும் மணிகள் எதிர்ப் பக்கத்தில் அமையும். இவ்வாறு சுருளுக்கு இரண்டு முகங்கள் ஏற்படுகின்றன: ஒரு முகம் நேர் மின்னேற்றம் கொண்டு நீரை விரும்புவது; மறு முகம் எண்ணெய்ப் பசையை நாடுவது. நாம் துணி துவைக்கும் சோப்புக்கும் இத்தகைய இரட்டை இயல்பு உண்டு. அதனால்தான் நீரோடு கலவாத எண்ணெய் அழுக்கை அது நீரில் கரைத்துவிடுகிறது. ஆனால் சோப்பு ஆளைப் பார்த்து வேலை செய்வதில்லை. பெப்டைடோ பகைவன் யார், உறவினன் யார் என்று பிரித்தறிகிறது.

அதற்கு அறிவு ஒன்றும் வேண்டியதில்லை, மின்சாரமே போதும். பாக்டீரியாவின் மேற்பரப்பு எதிர் மின்னேற்றம் மிகுந்தது. நம் உயிரணுக்களின் சவ்வு அப்படியன்று. அதன் வெளிப்புறத்தில் இருக்கும் கொழுப்பு மூலக்கூறுகள் பெரும்பாலும் மின்னேற்றம் சமனானவை. எதிர் மின்னேற்றம் உள்ளவை உட்புறத்திலேயே வைக்கப்பட்டிருக்கின்றன. மேலும், நம் சவ்வில் கொலஸ்ட்ரால் கலந்து அதை இறுக்கிக் கொடுக்கிறது. பாக்டீரியாவின் சவ்வில் பொதுவாக அது இல்லை. ஆகவே நேர் மின்னேற்றம் கொண்ட பெப்டைடு பாக்டீரியாவின் மேல் போய் ஒட்டிக்கொள்கிறது. நம் உயிரணுக்களை அவ்வளவாக நாடுவதில்லை. 'அவ்வளவாக' என்ற சொல்லைக் கவனியுங்கள். அளவு மிகுந்தால் பெப்டைடுகள் பல நம் உயிரணுக்களுக்கும் தீங்கு செய்யக் கூடியவையே.

ஒட்டிக்கொண்ட உடனே பாக்டீரியா மடிந்துவிடுகிறதா என்றால், இல்லை. இங்கே மறுபடியும் ஏரிக்கரையை நினைவுகூர்வோம். கரையில் ஒரு நண்டு வளை இருந்தால் கரை உடைந்துவிடாது. இரண்டு இருந்தாலும் உடையாது. வளைகள் பெருகிப் பெருகி ஒரு நிலையைத் தாண்டியதும், ஓரிடத்தில் கசிவு தொடங்கி, கரை சரிந்துவிடும். பெப்டைடும் அப்படித்தான். முதலில் அது சவ்வின் மேற்பரப்பில் படுத்துக்கொள்கிறது. எண்ணெயை நாடும் முகத்தைச் சவ்வுக்குள் அழுத்தி, தலைகளை விலக்கி, அவ்விடத்தை மெலியச் செய்கிறது. அவற்றின் எண்ணிக்கை ஓர் எல்லையைக் கடந்ததும் சவ்வு தாங்குவதில்லை.

எவ்வாறு உடைகிறது என்பதில் எல்லாப் பெப்டைடுகளும் ஒரே வழியைப் பின்பற்றுவதில்லை. பீப்பாயின் பலகைகள் வட்டமாக அடுக்கப்பட்டிருப்பது போல, சில பெப்டைடுகள் சவ்வின் குறுக்கே வட்டமாக நின்று நடுவில் துளையை உண்டாக்குகின்றன. வேறு சில, சவ்வின் கொழுப்பு மூலக்கூறுகளையும் தம்மோடு வளைத்து, பெப்டைடும் கொழுப்பும் கலந்த விளிம்புடைய துளையை அமைக்கின்றன. இன்னும் சில, பாய் விரித்தாற்போலச் சவ்வு முழுவதையும் மூடி, கடைசியில் சோப்பைப் போல அதைத் துண்டு துண்டாகப் பிய்த்துவிடுகின்றன. வழி எதுவாயினும் முடிவு ஒன்றே. தேக்கி வைத்த பொட்டாசியம் வெளியே ஓடுகிறது, ஹைட்ரஜன் அயனிகளின் ஏற்றத் தாழ்வு மறைகிறது, மின்கலம் தீர்ந்துபோகிறது, ஆற்றல் உண்டாவது நின்றுவிடுகிறது. சில நிமிடங்களில் பாக்டீரியா மடியலாம். எல்லாக் கிருமிக்கொல்லிப் பெப்டைடுகளும் சவ்வை மட்டுமே தாக்குகின்றன என்று கொள்ளவும் கூடாது. சில சவ்வைக் கடந்து உள்ளே சென்று, வேறு வேலைகளைத் தடுத்துக் கொல்கின்றன.

மாணவர்கள் இங்கே நியாயமான ஓர் ஐயத்தை எழுப்பலாம். பெப்டைடு சவ்வையே தாக்குகிறது என்று எப்படி உறுதி கூறுவது? பூட்டுக்குள் சாவி நுழைவது போல, பாக்டீரியாவின் ஏதேனும் ஒரு புரதத்தில் பொருந்தி அது கொல்லலாம் அல்லவா? இதற்கு விடை கண்ட வரலாறு இனியது.

சுவீடன் நாட்டு ஹான்ஸ் போமனும் அவருடைய தோழர்களும், செக்ரோப்பியா என்னும் பட்டுப்பூச்சி இனத்தின் கூட்டுப்புழுவிலிருந்து கிருமிக்கொல்லிப் பெப்டைடுகளைப் பிரித்தெடுத்து, அவற்றின் அமைப்பை 1981ஆம் ஆண்டில் வெளியிட்டார்கள். பின்னர் அமெரிக்காவில் மைக்கேல் ஜாஸ்லாஃப் என்னும் ஆராய்ச்சியாளர் ஆப்பிரிக்கத் தவளைகளை வைத்து வேறோர் ஆய்வு நடத்தி வந்தார். தவளைகளுக்கு அறுவை செய்து, தைத்து, தூய்மையற்ற தொட்டி நீரிலேயே விட்டுவிடுவது வழக்கம். அவற்றின் புண்கள் சீழ் பிடிக்காமல் ஆறிவந்ததை அவர் உற்று நோக்கினார். தவளையின் தோலை ஆராய்ந்து, 23 அமினோ அமிலங்கள் கொண்ட பெப்டைடுகளைக் கண்டு, 1987ஆம் ஆண்டில் அறிவித்தார். கேடயம் என்று பொருள்படும் எபிரேயச் சொல்லிலிருந்து அவற்றுக்கு மகெய்னின் என்று பெயரிட்டார்.

அமினோ அமிலங்களுக்கு இடக்கை, வலக்கை போல இரண்டு வடிவங்கள் உண்டு. உயிர்களின் புரதங்களில் இடக்கை வடிவமே உள்ளது. ஆய்வாளர்கள் வலக்கை வடிவ அமினோ அமிலங்களை மட்டும் கோத்து, மகெய்னினின் கண்ணாடிப் பிம்பம் போன்ற பெப்டைடை ஆய்வுக்கூடத்தில் செய்தார்கள். இடக்கைக் கையுறை வலக்கைக்குப் பொருந்தாது. அதுபோல, புரதம் என்னும் பூட்டு இருக்குமானால், பிம்பச் சாவி அதில் நுழையாது. ஆனால் 1990ஆம் ஆண்டில் வெளிவந்த அந்த ஆய்வில், பிம்பப் பெப்டைடும் அசலைப் போலவே கிருமிகளைக் கொன்றது. ஆகவே இதற்குப் பூட்டு ஏதும் இல்லை. சவ்வே இலக்கு என்பது வலுப்பெற்றது. கேள்வியைச் சரியாக அமைத்தால் இயற்கை விடை கூறும் என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

தவளைக்கும் பூச்சிக்கும் மட்டுமா இந்தப் படைக்கலம்? மனிதனுக்கும் உண்டு. நம் தோலிலும், மூச்சுக்குழாயின் உட்புறத்திலும், இரத்த வெள்ளணுக்களிலும் கேத்தலிசிடின் என்னும் புரதம் உண்டாகிறது. அதன் ஒரு முனை வெட்டப்பட்டு, 37 அமினோ அமிலங்கள் கொண்ட பெப்டைடு வெளிவருகிறது. அது இரண்டு லூசின்களோடு தொடங்குவதால் எல்.எல்.-37 என்று அழைக்கப்படுகிறது. நேர் மின்னேற்றம் உடையதாய், இரண்டு முகங்கள் கொண்ட சுருளாய், மேலே கூறிய இலக்கணம் முழுவதும் இதற்குப் பொருந்தும்.

இப்பொழுது தாம்பரத்து வெயிலுக்குத் திரும்புவோம். காசநோய்க் கிருமி மெழுகு போன்ற கொழுப்பாலான உறையைப் போர்த்தியிருப்பது. அது நம் உடலில் புகுந்ததும், கிருமிகளை விழுங்கும் வெள்ளணுக்கள் அதை விழுங்குகின்றன. ஆனால் விழுங்கப்பட்ட கிருமி அந்த உயிரணுவுக்குள்ளேயே குடித்தனம் நடத்தக் கற்றுக்கொண்டிருக்கிறது. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலிஸ் பிரிவில் ராபர்ட் மாட்லினும் அவருடைய தோழர்களும் 2006ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு பின்வருமாறு காட்டியது. விழுங்கும் உயிரணு, கிருமியின் கூறுகளை உணர்ந்ததும், வைட்டமின் டி-யை அதன் செயல்படும் வடிவத்துக்குத் தானே மாற்றிக்கொள்ளத் தொடங்குகிறது. அந்த வைட்டமின், உயிரணுவின் கருவில் உள்ள மரபணுவைத் தூண்டி, கேத்தலிசிடினை உண்டாக்கச் செய்கிறது. அதன் பின் உயிரணுவுக்குள் இருக்கும் காசநோய்க் கிருமிகள் குறைகின்றன. வைட்டமின் டி குறைவாக உள்ள இரத்த நீரில் வளர்த்த உயிரணுக்களால் இதைச் சரிவரச் செய்ய முடியவில்லை.

வைட்டமின் டி எங்கிருந்து வருகிறது? பெரும்பகுதி, வெயில் நம் தோலின் மேல் படுவதனால் உண்டாகிறது; மீன் ஈரல் எண்ணெயிலும் அது நிறைய உண்டு. வெயிலையும் மீன் எண்ணெயையும் நம்பிய பழைய மருத்துவர்கள் ஏன் அவற்றை நம்பினார்கள் என்பதற்கு அழகான ஒரு விளக்கம் கிடைத்துவிட்டது. வெயில், வைட்டமின், பெப்டைடு, கிருமியின் அழிவு என்று சங்கிலி முழுமையாகிவிட்டது போல் தோன்றுகிறது.

இந்த இடத்தில்தான் மாணவர்கள் நின்று சிந்திக்க வேண்டும். விளக்கம் அழகாக இருப்பதனால், காசநோயாளிக்கு வைட்டமின் டி கொடுத்தால் அவர் விரைவில் குணமடைவார் என்று முடிவு கட்டிவிடலாமா? கட்டலாகாது. கண்ணாடிக் கிண்ணத்தில் வளரும் உயிரணு வேறு. உண்டு உறங்கி உழைத்து நோயோடு போராடும் மனிதன் வேறு. இதைச் சோதித்துப் பார்த்தே அறிய வேண்டும்.

அத்தகைய சோதனை ஒன்று நம் மாநிலத்து வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியின் மருத்துவர்கள் பங்குகொண்டு நடத்தப்பட்டது. நுரையீரல் காசநோய் கண்ட 247 பேர் அதில் சேர்க்கப்பட்டார்கள். அனைவருக்கும் வழக்கமான காசநோய் மருந்துகள் கொடுக்கப்பட்டன. அவற்றோடு ஒரு பிரிவினருக்கு தவணைக்கு 2.5 மில்லிகிராம் வீதம் வைட்டமின் டி நான்கு தவணைகளாகவும், மற்றப் பிரிவினருக்குப் பார்வைக்கு அதைப் போன்ற வெற்று மருந்தும் கொடுத்தார்கள். யார் எந்தப் பிரிவு என்பது குலுக்கல் முறையில் தீர்மானிக்கப்பட்டது. நோயாளிக்கும் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது. முன்முடிவுகள் கணக்கைக் கெடுத்துவிடக் கூடாது என்பதற்காகவே இந்த ஏற்பாடு. முடிவு 2015ஆம் ஆண்டில் வெளியாயிற்று. சளியில் கிருமி வளர்வது நிற்பதற்கு வைட்டமின் பெற்ற பிரிவில் எடுத்துக்கொண்ட காலத்தின் நடு அளவு 43 நாட்கள். வெற்று மருந்து பெற்ற பிரிவில் 42 நாட்கள். அதாவது, வைட்டமினால் குணம் விரைவுபடவில்லை.

இதனால் 2006ஆம் ஆண்டின் கண்டுபிடிப்பு பொய்யாகிவிட்டது என்று பொருளா? இல்லை. விழுங்கும் உயிரணு பெப்டைடை உண்டாக்குவது உண்மையே. அந்த உண்மையைக் கொண்டு நாம் எதிர்பார்த்த பயன், அந்த அளவில், அந்த முறையில் கிடைக்கவில்லை என்பதும் உண்மையே. 'இது எப்படி நடக்கிறது?' என்பது ஒரு கேள்வி. 'இதனால் நோயாளி பிழைப்பாரா?' என்பது மற்றொரு கேள்வி. முதற்கேள்விக்குரிய விடையை இரண்டாவதற்கு விடையாகக் கொள்வோர் படித்தவர்களிலும் பலர் உண்டு. செய்தித்தாளிலும் கைபேசியிலும் 'அதைச் சாப்பிட்டால் எதிர்ப்புச் சக்தி வளரும், இதைக் குடித்தால் கிருமி சாகும்' என்று வருவனவற்றுள் மிகப் பல, இந்த இரண்டு கேள்விகளையும் குழப்பிய குழப்பமே.

சானடோரியத்தின் கதையும் இதே பாடத்தைத்தான் சொல்லுகிறது. 1956ஆம் ஆண்டில் சென்னை சேத்துப்பட்டில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் தொடங்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும், சென்னை மாகாண அரசும், உலக சுகாதார நிறுவனமும், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் குழுவும் அதற்குத் துணை நின்றன. அது இன்று தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் என்று பெயர் பெற்றுள்ளது. அங்கே ஏழைக் குடும்பத்து நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினரைச் சானடோரியத்தில் வைத்தும், மறு பிரிவினரை அவர்களுடைய நெருக்கடியான வீடுகளிலேயே இருக்கவிட்டும், இரு பிரிவுக்கும் ஒரே மருந்துகளை ஓராண்டு கொடுத்துப் பார்த்தார்கள். 1959ஆம் ஆண்டில் வெளிவந்த முடிவு உலகத்தையே வியக்கவைத்தது. ஓய்வும் நல்லுணவும் காற்றும் குறைந்திருந்தும், வீட்டில் இருந்தவர்கள் ஏறத்தாழ மற்றவர்களைப் போலவே குணமடைந்தார்கள். மருந்தை ஒழுங்காக உட்கொள்வதே முதன்மையானது என்பது நிலைநாட்டப்பட்டது. படுக்கை கிடைக்காமல் வாடிய எத்தனையோ ஏழைகளுக்கு அந்த முடிவு வாழ்வளித்தது. வெயில் நல்லது என்று எல்லாரும் நம்பிய ஊரிலேயே, நம்பிக்கையைச் சோதித்துப் பார்க்கும் துணிவும் பிறந்தது என்பது நமக்குப் பெருமை தருவது.

பெப்டைடுகளையே நேரே மருந்தாகக் கொடுத்தால் என்ன என்று கேட்கலாம். அதுவும் நடந்திருக்கிறது. மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியா தன் போட்டியாளர்களைக் கொல்வதற்காகச் செய்யும் கோலிஸ்டின் என்னும் பெப்டைடு நீண்ட காலமாக மருந்தாகப் பயன்படுகிறது. பத்து அமினோ அமிலங்களும் ஒரு கொழுப்பு வாலும் கொண்டது அது. சில பாக்டீரியாக்களின் வெளிச் சவ்வில், எதிர் மின்னேற்றமுள்ள மூலக்கூறுகளை மக்னீசியமும் கால்சியமும் இணைத்துப் பிடித்திருக்கும். சுவரில் செங்கற்களைச் சுண்ணாம்புச் சாந்து பிடித்திருப்பது போன்றது இது. கோலிஸ்டின் அந்தச் சாந்தைப் பெயர்த்து, அதன் இடத்தில் தான் நுழைந்து, சவ்வைக் கிழிக்கிறது. சிறுநீரகத்துக்குத் தீங்கு செய்வதால், 1970களில் மருத்துவர்கள் இதன் பயனைக் குறைத்துக்கொண்டார்கள். பின்னர், மற்ற மருந்துகளுக்கு அடங்காத கிருமிகள் பெருகியபோது, கடைசிக் கருவியாக இதை மீண்டும் எடுக்க நேர்ந்தது.

சவ்வையே தாக்கும் கருவியை எந்தக் கிருமியும் எதிர்க்க இயலாது என்று ஒரு காலத்தில் எண்ணினார்கள். கிருமிகள் அதற்கும் வழி கண்டன. தம் மேற்பரப்பில் உள்ள எதிர் மின்னேற்றத்தைக் குறைத்துக்கொண்டன. காந்தத்தை மழுக்கிவிட்டால் இரும்பு ஒட்டாது அல்லவா? 2015ஆம் ஆண்டு நவம்பரில், இந்த மாற்றத்தைச் செய்யும் மரபணு ஒன்று, ஒரு பாக்டீரியாவிலிருந்து மற்றொன்றுக்குத் தாவக் கூடிய வடிவில் இருப்பதைச் சீனத்து ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். கால்நடைகளையும் கோழிகளையும் விரைவாகக் கொழுக்க வைப்பதற்கு இந்த மருந்தைத் தீவனத்தில் கலந்து வந்தது இதற்குப் பெரிதும் துணை செய்தது. உணவுக்காக வளர்க்கும் உயிர்களுக்குக் கோலிஸ்டின் கொடுப்பதை இந்திய அரசு 2019ஆம் ஆண்டு ஜூலையில் தடை செய்தது. அதற்கு முன்பே, 2012ஆம் ஆண்டு ஆகஸ்டில், சென்னையில் கூடிய மருத்துவச் சங்கங்கள் நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளைக் காப்பதற்கு ஒரு திட்டம் வகுத்தன. அது 'சென்னைப் பிரகடனம்' என்று பெயர் பெற்றது. காசநோய் மருந்துகள் உள்ளிட்ட குறிப்பிட்ட சில மருந்துகளை மருத்துவர் சீட்டின்றி விற்கலாகாது என்றும், விற்றவற்றைத் தனிப் பதிவேட்டில் எழுத வேண்டும் என்றும் 2014ஆம் ஆண்டு முதல் விதி உள்ளது.

விதிகள் ஏட்டில் இருந்தால் போதாது. காய்ச்சல் வந்தவுடன் மருந்துக்கடையில் தாமே பெயர் சொல்லி மாத்திரை வாங்குவதும், இரண்டு நாளில் சற்றுத் தெளிந்ததும் மீதியைப் பெட்டிக்குள் போட்டுவிடுவதும், பக்கத்து வீட்டாருக்கு நோய் வந்தால் அந்த மீதியை எடுத்துக் கொடுப்பதும் நம்மிடையே சாதாரணமாக நடக்கின்றன. நண்டு வளைகள் ஒவ்வொன்றாகப் பெருகி ஏரிக்கரையைச் சரிப்பதைப் போலவே, இச்சிறு பிழைகள் ஒவ்வொன்றாகச் சேர்ந்து, நம் முன்னோர் அரிதின் முயன்று கட்டிய மருத்துவக் கரையைச் சரிக்கின்றன. வேறுபாடு ஒன்றே: பாக்டீரியாவின் கரை உடைவது நமக்கு நன்மை; இந்தக் கரை உடைவது பெருந்தீமை.

மாணவ நண்பர்களே! உங்களுள் சிலர் நாளை பெப்டைடுகளை ஆராயக் கூடும். சிலர் மருத்துவர் ஆகலாம். சிலர் மருந்துக்கடை நடத்தலாம். பெரும்பாலோர் குடும்பத் தலைவராகவும் தலைவியாகவும் இருந்து, பிள்ளைக்கு எந்த மருந்தை எத்தனை நாள் கொடுப்பது என்று தீர்மானிக்கும் பொறுப்பை ஏற்பீர்கள். வெயிலில் நடங்கள்; விளையாடுங்கள்; அது எலும்புக்கும் மனத்துக்கும் நன்மை தருவது. ஆனால் இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால் வெயிலை நம்பியிராமல் மருத்துவமனைக்குச் செல்லுங்கள். காசநோய்க்குரிய சோதனையும் மருந்தும் அரசு மருத்துவமனைகளில் இலவசமாகக் கிடைக்கின்றன. கொடுத்த மருந்தை, உடம்பு தேறியதாகத் தோன்றினாலும், சொன்ன நாள்வரை தவறாமல் உட்கொள்ளுங்கள். புதிய மருந்து ஒன்றைப் பற்றி யாரேனும் வியந்து கூறினால், 'இது எப்படி வேலை செய்கிறது?' என்று கேட்டதோடு நிற்காமல், 'இதை எத்தனை பேருக்குக் கொடுத்து, எந்த முறையில் சோதித்தார்கள்?' என்றும் கேளுங்கள்.